அரை ஆவர்த்தனப் பெட்டி

எண்பதுகளின் நடுவில், தி.நகர் ராமேஸ்வரம் ரோட்டில் ஒரு மாடி அறையில் எங்கள் மெல்லிசைக் குழுவின் ஒத்திகை நடக்கும். பாட்டுக்காரர்களைச் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு பேர். டிரம்ஸ், காங்கோ, பாங்கோ, தபேலா, டோலக் என்று தாளத்துக்கு மட்டுமே ஐந்து பேர் இருப்போம். நான் பாங்கோ. அந்த அறையிலேயே விலை கூடிய பொருள் எதுவென்று கேட்டால் எல்லாக் கைகளும் ஒரே மூலையைக் காட்டும். அங்கே வெல்வெட் துணி போர்த்திய ஒரு ரிதம் பாக்ஸ் இருந்தது. குழுத் தலைவரின் உறவுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் புடவைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தது. அதைத் தொடும் உரிமை தலைவருக்கும் கீபோர்ட் வாசித்த அண்ணனுக்கும் மட்டும்தான்.

அது செய்தது கொஞ்சம்தான். வால்ட்ஸ், ரம்பா, போசா நோவா, டிஸ்கோ, ஸ்விங் என்று வரிசையாகப் பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் அந்த நடை ஓடும். வேகத்துக்கு ஒரு குமிழ். புதிதாக எதையும் அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஜப்பானில் யாரோ உள்ளே வைத்து அனுப்பிய நடைகளோடு நம் பாட்டைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கல்யாண வரவேற்பில் சாப்பாட்டுப் பந்தி முடிந்து பையன்கள் மேடைக்கு முன்னால் கூடியதும் கேட்பது குத்துப் பாட்டு. சிக்ஸ் எய்ட் என்று நாங்கள் சொல்லும் அந்த ஆறு எட்டு நடை பெட்டியில் கிடையாது. டோலக் அண்ணன் உடனே பெட்டியை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டுவார். அதன்பின் அரை மணி நேரம் மேடை அவருடையது.

ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்த்து எங்களுக்குப் பயம் இருந்தது. டிஸ்கோ பொத்தானை அழுத்தினால் டிரம்ஸும் காங்கோவும் இல்லாமலே ஒரு பாட்டு ஓடிவிடும் என்பதைக் கல்யாண வீட்டுக்காரர்களும் கண்டுகொண்டார்கள். வேன் வாடகை, சாப்பாடு, சம்பளம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து, சின்னச் சபைகளுக்குச் சின்னக் குழு போதும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். காங்கோ வாசித்தவர் சில வருஷங்களில் வேறு வேலைக்குப் போனார். தோலில் கை பழகிய மனிதர் ஒருவர் வருமானத்துக்காக அதை விட்டுப் போவதைப் பார்ப்பது கஷ்டமான விஷயம். இசைக் கருவிகளின் நல்லது கெட்டதைப் பேசும்போது நான் இதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசுவதில்லை.

அதே காலத்தில் உலகத்தின் வேறு மூலைகளில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். இகுதாரோ காகெஹாஷி ஜப்பானில் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் 1980இல் டிஆர் 808 என்ற டிரம் மெஷினை வெளியிட்டது. எங்கள் பெட்டியைப் போல் ஏற்கெனவே வைத்த நடைகளை மட்டும் அது வாசிப்பதில்லை. பயன்படுத்துகிறவரே நடையைக் கட்டலாம். கீழே பதினாறு பொத்தான்கள், நாலு நாலாகச் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை. எந்தப் பொத்தானை அழுத்துகிறோமோ அந்த இடத்தில் அடி விழும். விலை 1,195 டாலர். டாலர் எட்டு ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்த காலம் அது. வரி எதுவும் சேராமலே ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல். தி.நகர் மெல்லிசைக் குழுவுக்கு அது எட்டாத தொகை.

அந்த மெஷின் சந்தையில் தோற்றது. உண்மையான டிரம்ஸ் மாதிரி இல்லை என்று ஒதுக்கினார்கள். சுமார் 12,000 மெஷின்களோடு 1983இல் தயாரிப்பு நின்றது. அதன் ஒலிக்குத் தேவைப்பட்ட குறைபாடுள்ள டிரான்சிஸ்டர்கள் பிறகு கிடைக்காமல் போனதும் ஒரு காரணம். அதன் தம்பியான டிபி 303, தனியாகக் கிடார் வாசிப்பவருக்குத் துணையாக பேஸ் வாசிக்கும் பெட்டி என்று வந்து, அதுவும் விற்காமல் 1984இல் நின்றது. இரண்டும் பழைய பொருள் கடைகளில் அடிமாட்டு விலைக்கு வந்தன. அப்போதுதான் கையில் காசில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கினார்கள். சிகாகோவில் 303இன் குமிழ்களைக் கண்டபடி திருகி 1987இல் ஃபியூச்சர் குழு வெளியிட்ட பதிவிலிருந்து ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசை வகையே கிளம்பியது. அதற்கும் ஐந்து வருஷம் முன்பு, 1982இல், பம்பாய் சினிமா இசைக் கலைஞர் சரண்ஜித் சிங் இதே 808ஐயும் 303ஐயும் வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டிருந்தார். அன்று அதைக் கேட்டவர்கள் குறைவு. 2010இல் மறுபதிப்பு வந்தபோது உலகம் வியந்து கேட்டது. 2015இல் மறைவதற்கு முன் அந்த மரியாதையை அவர் கண்ணால் பார்த்தார் என்பதில் எனக்கு நிறைவு.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. இந்தப் பெட்டிகளின் வரலாற்றில் விலை குறைந்த நாள்தான் பிறந்த நாள். விலை உயர்ந்திருந்தபோது அவை நிஜக் கருவிக்கு மட்டமான மாற்று. கையில் காசில்லாதவரிடம் வந்து சேர்ந்தபோது அவை தனிக் கருவி ஆயின.

நம் ஊரிலும் இந்தக் கதைக்கு ஒரு கிளை உண்டு. மலையாளத் திரையிசையில் பணியாற்றிய ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது, அவர் வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த வாத்தியங்களுக்கு நடுவே வளர்ந்த பையன் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியையும் சீக்வென்சரையும் கொண்டு இசையமைத்தபோது அங்கே வேலை செய்தான். 1989இல் கோடம்பாக்கத்தில் வீட்டின் பின்பக்கத்திலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தான். 1992இல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர். ரஹ்மானின் திறமைக்கு மெஷின் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாரையும் கேட்காமல், யாருக்கும் வாடகை தராமல் ஒரு மெஷினோடு உட்கார முடிந்தது அவருக்குக் கிடைத்த வசதி. எங்களுக்கு வெல்வெட் துணியை விலக்கவே அனுமதி வேண்டியிருந்தது.

மயிலாப்பூர்ப் பக்கம் கதை வேறு மாதிரி. 1979இல் மியூசிக் அகாடமியின் ஆண்டு மாநாட்டில், பெங்களூரைச் சேர்ந்த புல்லாங்குழல் கலைஞரும் பொறியாளருமான ஜி. ராஜ் நாராயண் எலெக்ட்ரானிக் தம்பூராவைக் காட்சிக்கு வைத்தார். நாலு தந்தியின் உயிர் இதில் உண்டா என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் சில வருஷங்களுக்குள் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி வீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. கச்சேரி ரோட்டிலும் மாட வீதிகளிலும் மாலை வேளையில் நடந்தால், பாட்டு டீச்சர் வீட்டு ஜன்னல் எதிலிருந்தாவது அந்த ரீங்காரம் கேட்கும். சுருதிக்கு மெஷினை ஏற்ற மயிலாப்பூர், லயத்துக்கு அதை மேடையேற விடவில்லை. வீட்டில் சாதகம் பண்ணத் தாளப் பெட்டி வைத்துக்கொள்வார்கள். சபா மேடையில் மிருதங்கம் இருக்கும் இடத்தில் அதை வைக்க யாரும் நினைத்ததில்லை.

இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் தெளிவான அறிவு தெரிகிறது. சுருதி அசையாமல் நிற்க வேண்டியது. நிற்பதை மெஷின் நன்றாகச் செய்யும். லயம் கேட்டுக்கொண்டே நடக்க வேண்டியது. பாடகர் ஒரு சங்கதியை நீட்டி இழைக்கும்போது மிருதங்கக்காரர் கையை மெல்லமாக்குகிறார், சமத்துக்கு வரும்போது சேர்ந்து விழுகிறார். காலப்பிரமாணம் மாறாது, ஆனால் அதற்குள் இடம் விடுவதும் நிரப்புவதும் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் மாறிக்கொண்டிருக்கும். இன்று எளிதாக வாங்கக்கூடிய, க்ரூவ்பாக்ஸ் என்ற தாளப் பெட்டியின் பலம், பலவீனம் இரண்டையும் எடைபோட இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது.

க்ரூவ்பாக்ஸ் என்ற பெயரை ரோலண்ட் 1996இல் எம்சி 303 என்ற பெட்டிக்கு வைத்தது. டிரம்ஸ், பேஸ், கீபோர்ட் ஒலிகள், அவற்றை வரிசையில் ஓட்டும் சீக்வென்சர் எல்லாம் ஒரே பெட்டிக்குள். 2013இல் கோர்க் நிறுவனத்தின் வோல்கா வரிசை வந்தபோது விலை 150 டாலரை ஒட்டி இறங்கியது. 2015இல் ஸ்டாக்ஹோமின் டீனேஜ் எஞ்சினியரிங், கால்குலேட்டர் அளவில், மூடிகூட இல்லாத சர்க்யூட் போர்டாகவே, 60 டாலருக்குக் கீழே பாக்கெட் ஆபரேட்டரைக் கொண்டுவந்தது. அதே வருஷம் நோவேஷனின் சர்க்யூட். இறக்குமதி வரி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்தாலும், அன்று ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போன வேலையை இன்றைய ரூபாய் மதிப்பில் அதே மாதிரித் தொகைக்குச் செய்யும் பெட்டிகள் கிடைக்கின்றன. ரூபாயின் மதிப்பு இந்த நாற்பது வருஷத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நினைத்தால் விலை எங்கே வந்து நிற்கிறது என்பது விளங்கும்.

பெசன்ட் நகரில் இருக்கும் என் அக்கா பெண் காலேஜ் முடித்து முதல் சம்பளத்தில் அப்படி ஒன்றை வாங்கினாள். கையடக்கமான பெட்டி, பதினாறு பொத்தான்கள், ஆறு பேட்டரி. சின்ன ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது. அவளைப் பார்க்கப் போனபோது அதை என் மடியில் வைத்து, “மாமா, நீங்க ஒரு தாளம் சொல்லுங்க, நான் போடறேன்” என்றாள்.

“மிஸ்ர சாபு” என்றேன்.

அவள் யோசித்தாள். பதினாறில் கடைசி இரண்டு பொத்தான்களை அணைத்துப் பதினாலாக்கினாள். தகிட, தக, திமி என்று நான் வாயால் சொல்லச் சொல்ல, முதல் இடத்திலும் ஏழாவது இடத்திலும் பதினொன்றாவது இடத்திலும் அடியை வைத்தாள். மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழும் சரியாக வந்து நின்றன. பிறகு பத்தாக்கிக் கண்ட சாபு. பன்னிரண்டாக்கி நான் முப்பது வருஷமாய்த் தேடிய அந்தச் சிக்ஸ் எய்ட். எங்கள் ரிதம் பாக்ஸ் மறுத்த ஒவ்வொன்றையும் இந்தப் பெட்டி கேட்ட மாத்திரத்தில் செய்தது.

இந்தப் பெட்டிகளின் முதல் பலம் இதுதான்: தாளம் கண்ணுக்குத் தெரிகிறது. விளக்கு ஒவ்வொன்றாக நகர்கிறது, அடி விழும் இடத்தில் ஒளிர்கிறது. மிஸ்ர சாபுவின் மூன்றும் நாலும் எப்படிச் சேர்கின்றன என்பதை வார்த்தையில் விளக்கித் திணறும் வாத்தியாருக்குக்கூட இது உதவும். கணக்கை விரல் புரிந்துகொண்ட பிறகு பெட்டியை ஓரம் வைத்துவிட்டுக் கையால் தட்டலாம்.

இரண்டாவது பலம், அதில் போன் மணி அடிக்காது. இதே வேலையைச் செய்யும் ஆப்கள் போனிலேயே இலவசமாகக் கிடைக்கின்றனவே என்று கேட்பார்கள். கிடைக்கின்றன, நல்லவையும் உண்டு. ஆனால் கண்ணாடித் திரையில் விரல் வைக்கும்போது கைக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. குமிழ் என்றால் கண்ணை மூடிக்கொண்டே திருகலாம். மேடையில் வாசித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வாசிக்கும்போது நாம் பார்க்க வேண்டியது கூட வாசிப்பவரின் முகத்தை.

மூன்றாவது, நம் ஊர் ஒலியை அதற்குள் வைக்கலாம். 2014இல் வந்த வோல்கா சாம்பிளில் 65 விநாடி ஒலி கொள்ளும். 2018இல் வந்த பாக்கெட் ஆபரேட்டர் ஒன்றில் மைக்கே இருக்கிறது, 40 விநாடி பிடிக்கும். மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் ஊர்வலத்தன்று தெற்கு மாட வீதியில் நின்று அக்கா பெண் தவிலைப் பதிவு பண்ணினாள். கூடு மாட்டிய வலக்கை விரல்களின் அடி ஒன்று, இடப்பக்கக் குச்சியின் அடி ஒன்று. இரண்டையும் வீட்டில் இரண்டு பொத்தான்களில் வைத்தாள். எங்கள் காலத்தில் பெட்டிக்குள் ரம்பாவும் வால்ட்ஸும்தான் இருந்தன. கேட்க ஆசைப்பட்டது உள்ளே இல்லை. இன்று கபாலி கோயில் வாசல் தவில் ஒலி, ஒரு மலிவுப் பெட்டியின் வயிற்றில் உட்காருகிறது. இதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

இனி பலவீனங்கள். முதலாவது கணக்கு. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு அட்சரம். சதுஸ்ர நடையில் அட்சரத்துக்கு நாலு. மொத்தம் முப்பத்திரண்டு. பதினாறு இடம் உள்ள பெட்டி அதில் சரிபாதியைத்தான் பிடிக்கும். மேற்கத்திய நடனத் தாளம் நாலு எண்ணிக்கையில் முடிந்து மறுபடி தொடங்குவது. அதற்குப் பதினாறு போதும். நமக்கு அரை ஆவர்த்தனத்தில் பாட்டு திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு பேட்டர்ன்களைச் சேர்த்துக் கோர்க்கலாம். 2021இல் வந்த நோவேஷன் சர்க்யூட் டிராக்ஸில் முப்பத்திரண்டு இடமே இருக்கிறது. ஆனால் மலிவுப் பெட்டிகளில் பெரும்பாலும் பதினாறு என்பதால், அதைப் பழகும் பிள்ளையின் காதும் பாதியிலேயே திரும்பப் பழகிவிடுகிறது. தாளத்தின் இரண்டாம் பாதி முதல் பாதிக்குப் பதில் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னால் போதாது.

இரண்டாவது சுரம். நோவேஷன் சர்க்யூட்டில் பதினாறு ஸ்கேல்கள் இருக்கின்றன. அவற்றில் தோடி என்றும் மார்வா என்றும் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. தோடியை அழுத்தினால் வருவது ஹிந்துஸ்தானித் தோடி: பிரதி மத்யமமும் காகலி நிஷாதமும் உள்ள, நம் சுபபந்துவராளியின் சுரங்கள். மயிலாப்பூர்க் காது எதிர்பார்க்கும் தோடியின் சுரங்கள் ஃப்ரிஜியன் என்ற வேறு பொத்தானில் கிடைக்கும். கிடைத்தாலும் தோடி கிடைக்காது. தோடியின் காந்தாரம் அசைந்து அசைந்துதான் காந்தாரம் ஆகிறது. ஒவ்வொரு பொத்தானும் ஓர் இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் பெட்டியில் அதற்கு வழி மிகக் குறைவு. பேஸுக்கும் தாளத்துக்கும் இவை அருமை. ராகத்துக்குப் பக்கத்தில் ஒரு வயலினோ ஒரு குரலோ வேண்டும்.

மூன்றாவது கட்டுமானம். விலையைக் குறைக்க எதை எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒலி வெளியே வர ஒரே ஒரு ஹெட்போன் ஓட்டை. டிரம்ஸின் கட்டை அடியையும் ஸ்னேரையும் தனித்தனியே மிக்சருக்கு அனுப்ப முடியாது. வோல்கா வரிசையின் முதல் பெட்டிகளில் கருவிகளை இணைக்கும் மிடி சமிக்ஞை உள்ளே வரும், வெளியே போகாது. ஒரு குமிழுக்குள் மூன்று வேலைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். இதோடு பெசன்ட் நகர்க் கடற்காற்றும் சேர்ந்தால், உப்பு ஏறிய குமிழ்கள் கொஞ்ச நாளில் கரகரக்கத் தொடங்கும். மெல்லிய துணி உறையும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் இல்லாமல் கடலோரத்தில் எந்த எலெக்ட்ரானிக் கருவியையும் வைக்கக் கூடாது. எங்கள் தலைவர் போர்த்திய வெல்வெட் துணிக்கு இந்த ஒரு விஷயத்தில் நியாயம் உண்டு.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலவீனம் ஒன்று இருக்கிறது. அதுவே பெரிய பலமும். இந்தப் பெட்டிக்கு வேறு யாரும் தேவையில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் ராத்திரி முழுக்க ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவே கூட வாசிக்கும். அக்கா பெண்ணின் பெட்டியில் எத்தனையோ பேட்டர்ன்கள் சேர்ந்தன. எல்லாம் நன்றாகத் தொடங்கும், எதுவும் பாட்டாக முடியாது. இந்தப் பெட்டிகளை வைத்திருக்கும் பல இளைஞர்களிடம் இதையே பார்க்கிறேன். பதினாறு இடமும் நிறைந்து சுற்றத் தொடங்கியதும் அந்தச் சுற்றலே ஒரு திருப்தியைத் தந்துவிடுகிறது. எங்கள் ஒத்திகை அறையில் அது நடந்திருக்காது. சரணம் முடிந்ததும் பாட்டுக்காரர் முறைத்துப் பார்ப்பார். அடுத்தது என்ன என்று ஐந்து பேரில் ஒருவர் கேட்பார். பாட்டை முடிவுக்குக் கொண்டுபோனது அந்தக் கேள்விதான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கம் மரங்கள் சாய்ந்து தெருக்களை அடைத்தன. கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. அப்படி ஒரு மாலை, அக்கா குடியிருந்த பிளாட்டின் மொட்டை மாடியில் எல்லாக் குடித்தனங்களும் கூடியிருந்தன. எங்களைப் பார்த்துப் போக மந்தைவெளியிலிருந்து டோலக் அண்ணனும் வந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. அக்கா பெண் பேட்டரி போட்டுப் பெட்டியை ஓட விட்டாள். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்தன. அண்ணன் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் காலியாகக் கிடந்த தண்ணீர் கேனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

பெட்டி பதினாறை முடித்துத் திரும்பியது. அண்ணன் முதல் பதினாறில் வாசிக்கவே இல்லை. இரண்டாவது பதினாறில் நுழைந்தார், பெட்டி சொன்னதற்குப் பதில் சொல்கிற மாதிரி. மறுபடி விட்டார், மறுபடி பதில். அரை ஆவர்த்தனம் மெஷின், அரை ஆவர்த்தனம் மனிதர். முப்பத்திரண்டு நிறைந்தது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். பாடுபவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் அண்ணன் கொஞ்சம் தழைந்தார். பெட்டி தழையவில்லை, முன்னே ஓடிவிட்டது.

“தம்பி, இது எண்ணுது. நல்லா எண்ணுது. ஆனா யாருக்காகவும் காத்திருக்க மாட்டேங்குது” என்றார் என்னிடம்.

அக்கா பெண் அதைக் கேட்டாள். ஹெட்போனையும் விளக்குகளையும் விட்டுவிட்டு அண்ணனின் தோளைப் பார்த்தபடி டெம்போ குமிழில் கை வைத்தாள். அவர் தழையும்போது குமிழைக் கொஞ்சம் இறக்கினாள், அவர் ஏறும்போது ஏற்றினாள். முதலில் தடுமாறிற்று, பிறகு பிடி கிடைத்தது. காத்திருக்காத பெட்டியை அவள் கை காத்திருக்க வைத்தது. அந்தக் குமிழ் தனியாக, கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்ததால்தான் அது முடிந்தது. வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனையே இதிலிருந்து வந்தது: டெம்போவுக்கு நேரடியான குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவுக்குள் ஒளிந்திருந்தால் அந்தப் பெட்டியோடு மனிதர்கள் சேர்ந்து வாசிப்பது கஷ்டம்.

அடுத்த யோசனைகளும் உண்டு. பேட்டர்னின் நீளத்தை மாற்ற முடிகிறதா, பதினாலும் பத்தும் பன்னிரண்டும் வருமா என்று கேளுங்கள். சொந்த ஒலியைப் பதிவு செய்து உள்ளே வைக்கும் வசதி இருந்தால் அதற்காகக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். பேட்டரியில் ஓடுவது நல்லது. எத்தனை நூறு ஒலிகள் உள்ளே இருக்கின்றன என்ற விளம்பரத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம்; நம் மெல்லிசை மேடைகளில் பெரிதும் புழங்கிய ரோலண்டின் எஸ்பிடி 20 பேடில் 700 ஒலிகள் உண்டு, ஆனால் நான் அறிந்த நல்ல பேட் வாசிப்பாளர்கள் அதில் ஒரு கைப்பிடி ஒலிகளைத்தான் உயிரோடு வைத்திருந்தார்கள்.

அந்த பேட் வாசிப்பாளர்களைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். 1985இல் ஆக்டாபேட் வந்தபோது அதுவும் தோல் கருவிக்காரர்களின் பிழைப்பைக் கெடுக்கும் என்று பேசினோம். நடந்தது பாதி அப்படி, பாதி வேறு. டோலக்கும் தபேலாவும் தெரிந்தவர்களே அதைக் கைப்பற்றிக்கொண்டார்கள். குச்சியால் அடிக்கும் ரப்பர் பலகையில் தபேலாவின் நடையை அவர்களால் கொண்டுவர முடிந்தது. தோலில் வாசித்துப் பழகாதவர்களால் முடியவில்லை. க்ரூவ்பாக்ஸிலும் அதுவேதான் நடக்கும் என்று நம்புகிறேன். எந்த இடத்தில் அடி விழக்கூடாது என்று தெரிந்தவருக்குத்தான் இந்தப் பெட்டி முழுதாகப் பலன் தரும். அந்த அறிவு இன்று மந்தைவெளி, மாம்பலம், கோடம்பாக்கம் பக்கங்களில் வயதான வாசிப்பாளர்களிடம் இருக்கிறது. அவர்களில் பலருக்கு மாதத்தில் ஒரு கச்சேரி கிடைப்பதே அரிது.

என் தராசில் இந்த மலிவுப் பெட்டி ஜெயிக்கிறது. குறைகளை எல்லாம் தெரிந்துகொண்டே சொல்கிறேன். வெல்வெட் துணிக்கு வெளியே நின்று பார்த்தவன் என்பதால், அனுமதி கேட்காமல் தொட முடிகிற கருவியின் மதிப்பு எனக்குத் தெரியும். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளையும் இன்று இசையைக் கட்டிப் பார்க்கலாம் என்பதற்கு எதிராக எந்தக் குறையும் நிற்காது.

ஆனால் தனியாக வைத்துக்கொண்டால் அது பாதிக் கருவி. சென்னைப் பள்ளி ஒன்றுக்கு ஒரு நல்ல கீபோர்ட் வாங்கும் காசில் இப்படி இரண்டு மூன்று பெட்டிகள் வாங்கிவிடலாம். சபாக்களும் இசைப் பள்ளிகளும் மாநகராட்சிப் பள்ளிகளும் அப்படி வாங்கட்டும். வாங்கும்போதே கூட ஒரு டோலக்கோ பறையோ தவிலோ வாசிக்கிற பெரியவரையும் அழைக்கட்டும். பிள்ளைகள் பதினாறு இடத்தில் போடுவதற்கு அவர் மீதிப் பதினாறில் பதில் வாசிக்கட்டும், குமிழில் கை வைத்து அவரைக் கவனிக்கப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும். அன்று பெட்டி வந்ததால் வேலை இழந்தவர்களுக்கு, இன்று பெட்டி வந்ததாலேயே வேலை கிடைக்க வேண்டும். அதற்கான சம்பளத்தைப் பெட்டியின் விலையோடு சேர்த்தே கணக்கில் எழுத வேண்டும்.